பானெட்டுக்குப் பூட்டு

இந்தத் தடவையும் பானெட்தான் பறந்தது. விமானம் நின்ற இடத்திலேயே நின்றது.

நல்லுசாமி இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார். இன்ஜினை மூடியிருந்த தகரம் விசிறியில் அடிபட்டு, சோளத்தட்டைப் போருக்கு அப்பால் குப்புறக் கிடந்தது. கீல் கம்பியைக் காணோம். தகரத்தை விமானத்தோடு சேர்த்துப் பிடிக்கிற கீலுக்குள் முழ நீளக் கம்பி ஒன்று ஓடும். அது உருவிக்கொண்டால் தகரம் காற்றுக்குச் சொந்தம். முந்தின சாயங்காலம்தான் அவர் தன் கையாலேயே அதை இறுக்கமாகச் செருகிவிட்டுப் போயிருந்தார். விடிந்து வந்து இன்ஜினைக் கிளப்பினால் இந்தக் கூத்து.

ரெட்டியார்சத்திரத்தில் பஸ், லாரி ரிப்பேர் பார்க்கிறவர் நல்லுசாமி. உலகச் சண்டை முடிந்து பழைய இரும்புக்கு வந்த ஒரு குட்டி விமான இன்ஜினை மதுரையில் வாங்கிப் போட்டதிலிருந்து, தரையில் ஓடுகிற வண்டி எதுவும் அவர் மனசுக்குப் பிடிக்கவில்லை. மூங்கில், கித்தான், தகரம் என்று வருஷக்கணக்கில் சேர்த்து, மாமியார் சுந்தரம்மாளின் கடலைக் காட்டில் ஒரு விமானத்தையே நிறுத்திவிட்டார். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. மாமியாரின் மகள்தான் சொன்னாள்.

"ஆடிப் பதினெட்டுக்குள்ள இது பறக்கலேன்னா காட்டை உழுதுருவோம். இன்ஜினைக் கழட்டிக் கெணத்துல வச்சுத் தண்ணி எறச்சுக்கிருவோம்," என்றாள் பழனியம்மாள். "அதுவரைக்கும் அந்தத் தகரத்தை நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்."

காபிக் கடைக்குப் பால் ஊற்ற இருட்டோடு அந்தக் காட்டு வழியாகத்தான் அவள் போய்வந்தாள். அதன்பிறகு விமானத்தைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லுசாமிக்கு அது பெரிய குறை. இன்ஜின் கிணற்றுக்குப் போய்விடாமல் எப்படியாவது கம்பியை நிறுத்திவிட முனைந்தார்.

முதலில் கம்பியின் நுனியை இன்னும் கொஞ்சம் வெளியே நீட்டிவிட்டு, அதில் ஓட்டை போட்டு, கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டினார். மறுநாள் கட்டுக்கம்பி அறுந்து, கீல் கம்பியும் போய், பானெட் பக்கத்துத் தோட்டத்து வெண்டைச் செடிகளைச் சாய்த்தது. வெண்டைக்காரர் வந்து கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

அடுத்து, நுனியைப் பழுக்கக் காய்ச்சி, விரல் நுழைகிற அளவுக்கு வளையமாக வளைத்து, வளையத்தைத் தோல் வாரால் இழுத்துக் கட்டினார். வாரோடு சேர்ந்து விமானத்தின் கித்தானும் கிழிந்தது. முன்னே கம்பி மட்டும் போய்க்கொண்டிருந்தது. இப்போது விமானமே கொஞ்சம் கொஞ்சமாகப் போகத் தொடங்கியது.

ஆடி மாசம் பாதி நெருங்கிவிட்டது. நல்லுசாமி திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறி, பூட்டுப் பட்டறை பீர் முகமதுவிடம் போய் நின்றார். பீர் முகமது விஷயத்தைக் கேட்டுச் சிரிக்கவில்லை. பூட்டு என்று வந்துவிட்டால் அவருக்குப் பெட்டியும் ஒன்றுதான், விமானமும் ஒன்றுதான். கைக்கு அடக்கமான பித்தளைப் பூட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே காட்டுக்கே வந்து, வளையத்தையும் கீலில் அறைந்த ஒரு கொண்டியையும் சேர்த்துப் பூட்டினார்.

"இழுத்துப் பாருங்க தம்பி," என்றார்.

நல்லுசாமி இழுத்துப் பார்த்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் ஆளுக்கு ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்கள். இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பூட்டைக் கண்டால் கை சும்மா இருக்காது. பழனியம்மாளும் அப்படித்தான், வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறப் போனவள் பாதி வழியில் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். அதனால் அந்தக் குடும்பம் தாலி கட்டு முடிந்து பந்திக்கு மட்டும் போய்ச் சேர்ந்த கல்யாணங்கள் நிறைய.

மறுநாள் காலை இன்ஜின் கிளம்பியதும் பானெட், கீல், கொண்டி, பூட்டு எல்லாம் ஒரே குடும்பமாகப் பறந்தன. கீலை அறைந்திருந்த ஆணிகளே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. பீர் முகமது வரப்பில் கிடந்த பூட்டை எடுத்து, மண்ணைத் தட்டி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"பூட்டு தொறக்கலையே தம்பி. அத மொதல்ல ஒத்துக்கங்க."

விடிந்தால் ஆடிப் பதினெட்டு. நல்லுசாமிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வளையம், வார், கொண்டி எல்லாவற்றையும் வெட்டி எறிந்தார். புதுக் கீல் அறைந்து, புதுக் கம்பியை நுனி தெரியாமல் உள்ளே தள்ளி, கீலின் இரண்டு வாயையும் சுத்தியலால் தட்டி அடைத்துவிட்டார். நகம் நுழைய இடமில்லை. இனி இன்ஜினைப் பார்க்க வேண்டுமானால் தகரத்தை வெட்டித்தான் பார்க்க வேண்டும். வெட்டிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

காலையில் ஊரே காட்டில் நின்றது. உழவு மாடுகளும் ஏரோடு தயாராக நின்றன. பழனியம்மாள் எல்லாரும் பார்க்க முதல் தடவையாக விமானத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. இத்தனை நாள் கழித்து இவளுக்கும் தன் ஆசை புரிந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டார் நல்லுசாமி.

"அழுகாத புள்ள. கெணத்துக்குப் போனாத்தான் என்ன, நம்ம இன்ஜின்தான," என்றார்.

அவள் அதற்கும் அழுதாள்.

இன்ஜின் உறுமியது. பானெட் அசையவில்லை. விமானம் கடலைக் காட்டில் தடதடவென்று ஓடி, மாடுகள் ஏரோடு ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு ஓட, மேலே எழும்பிவிட்டது. பனை உயரம் போய், கன்னிவாடி மலைப் பக்கம் முகத்தைக் காட்டி, வளைந்து திரும்பி வந்து, ஒரு சக்கரத்தை மட்டும் உடைத்துக்கொண்டு இறங்கியது. நல்லுசாமி இறங்கியபோது கால் தரையில் பாவவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷத்தை அவர் அதற்குமுன் பட்டதில்லை.

சுந்தரம்மாள் மருமகனுக்கு மோர்ச் செம்பை நீட்டினாள். அவர் குடிக்கவில்லை. கூட்டத்துக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"எல்லாம் அதிர்வு பாய். நுனி வெளிய தெரிஞ்சா அதிர்வு புடிச்சு இழுத்துரும். நாம எம்புட்டுப் பெரிய புடி குடுக்கிறோமோ, அம்புட்டுக்கு இழுக்கும். இதைக் கண்டுபுடிக்கத்தான் எனக்கு இத்தன நாளாச்சு."

பீர் முகமது பூட்டைத் தடவிக்கொண்டே தலையாட்டினார். கூட்டமும் தலையாட்டியது. பழனியம்மாள் மட்டும் உருண்டுபோன சக்கரத்தைத் தேடுகிறவள் மாதிரி அந்தப் பக்கம் நகர்ந்தாள்.

சுந்தரம்மாள் செம்பை அவர் கையில் திணித்தாள்.

"என்ன அதிர்வோ மாப்ள. 'அவரு மேல போற வண்டியாச்சேன்னு தெனம் பாலுக்குப் போகயில அந்தக் கம்பியப் பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பாத்துட்டுப் போவேன், இன்னைக்குப் புடிச்சு இழுக்க ஒண்ணுமில்லாமப் பண்ணிட்டாரே'ன்னு எம் மக காலையிலருந்து ஒரே அழுகை."