கண்ணாடி போடச் சொன்ன மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அரோவனா மீனும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மகளும் அதைவிட நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேலை மாறிப் போகிற ஊரில் வீடு சின்னது, தொட்டி வைக்க இடமில்லை என்று இதை என் கூடத்தில் இறக்கிவிட்டுப் போனீர்கள். "உங்களுக்கும் ஒரு துணையா இருக்கும் மாமா" என்றீர்கள். துணை என்றால் பேசும், இல்லாவிட்டால் சண்டையாவது போடும். இது வாயைத் திறப்பது விழுங்குவதற்கு மட்டும்தான். ஆகவே வருகிற சனிக்கிழமை மீன்கடைக்காரரை வரச் சொல்லியிருக்கிறேன். கொண்டுபோய் நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிடுவார். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் என்மேல் வருத்தப்படக் கூடாது.

இந்த மீன் துரை இறால்தான் சாப்பிடுகிறார், அதுவும் தலையும் ஓடும் நீக்கியது. பல்லில்லாத நான் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டு அவருக்கு இறால் உரிக்கிறேன். "ஒரே தீனியா போடாதீங்க சார், பூச்சியும் போடுங்க, ஆனா மருந்தடிச்ச வீட்டுப் பூச்சி ஆகாது" என்றார் கடைக்காரர். நம் வீட்டில்தான் உங்கள் அத்தை இருந்த காலத்திலேயே மருந்தடித்துப் பூச்சி வம்சத்தையே ஒழித்துவிட்டாளே. அதனால் எதிர்வீட்டு டீச்சரம்மாவிடம் போய், "உங்க வீட்டுல கரப்பான் நிறைய இருக்கும்ல, ரெண்டு கிடைக்குமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அந்தம்மா கதவைச் சாத்திக்கொண்டது. இப்போது மாடிப்படியில் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறது. இந்தக் கட்டடத்தில் என்னோடு பேசிக்கொண்டிருந்த ஒரே ஆளும் போயிற்று.

கண்ணாடி விஷயம் கேளுங்கள். கிளம்பும்போது வாசலில் நின்று, "மாமா, தீனி போட்டதும் மறக்காம கண்ணாடியப் போட்டுருங்க" என்றீர்களா? போட்டேனே. தினமும் இறாலைப் போட்டதும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார், மாப்பிள்ளைக்குத்தான் என்ன அக்கறை என்று நினைத்தேன். தொட்டியை மூடுகிற கண்ணாடி ஒன்று அலமாரிக்குப் பின்னால் சாய்ந்தபடியே கிடந்தது எனக்கெப்படித் தெரியும்? அச்சகத்தில் ஆயுசு முழுக்கப் பிழை திருத்தினவன், ஒரு வார்த்தையில் கவிழ்ந்தேன். செவ்வாய்க்கிழமை தொட்டிமேல் ஓர் ஈ பறந்தது. இவர் எம்பினார் பாருங்கள், ஈயும் கிடைக்கவில்லை, தண்ணீரும் இல்லை, நேரே என் மடியில். ஈரத்துண்டைப் போட்டு அமுக்கினால் வாலால் கன்னத்தில் ஓர் அறை. என் கண்ணாடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "அடப்பாவி, செத்துகித்து வச்சிராதடா" என்று கத்திக்கொண்டே தூக்கித் தொட்டியில் போட்டேன். இந்த வீட்டில் நான் சத்தமாகப் பேசி எவ்வளவோ நாளாயிற்று, என் குரல் எனக்கே யாரோ போலிருந்தது.

அன்றைக்கு அது மூலையில் போய் நின்றுகொண்டு தீனியைத் தொடவில்லை. எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் ஒன்றுமே நடக்காதது மாதிரி தின்கிறது. இந்த வயதில் இந்தக் கவலை எனக்கு வேண்டாம், மாப்பிள்ளை.

மகளிடம் விசாரித்ததாகச் சொல்லவும். நீங்கள் இருவரும் யாரும் உரித்துக் கொடுக்காமலே வேளைக்குச் சாப்பிட்டு, நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

அன்பு மாமனார்.

பி.கு.: இன்று சனிக்கிழமை. கடைக்காரர் வாளியோடு வந்தார். டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த மீன் வருவதற்கு முன்னால் உங்கள் வீட்டிலிருந்து மாதத்துக்கு ஒரு போன் வந்தால் அதிகம். இப்போது தினமும் காலையில் மணி அடிக்கிறது. "மாமா, சாப்பிட்டாச்சா?" என்கிறீர்கள். மீனைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் "ஆச்சு மாப்பிள்ளை" என்று நான் சொல்வது என்னைப் பற்றித்தான்.