வெள்ளைத் தட்டும் இரண்டு சொம்புக் காப்பியும்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. இப்போதும் இருக்கிறது, கடலில் கொட்டியது போக மிச்சம்.

கண்டியில் எங்கள் பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைசாணிக்கு ஓர் ஆசை. கடலுக்குள் வெளிச்சம் எவ்வளவு ஆழம் போகிறது என்று அளக்க வேண்டுமாம். வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். முழத்துக்கு ஒரு முடிச்சு. தட்டு கண்ணுக்கு மறைந்ததும் முடிச்சுகளை எண்ண வேண்டும். ஒழுங்காக அளந்து எழுதினால் சின்னப் பிள்ளைகளுக்கு என்னையே வாத்தியாரம்மா ஆக்குவதாகச் சொன்னார். காப்பி மூட்டை ஏற்றும் மாட்டுவண்டிக்காரரான என் அப்பா, அதை வத்தேகம வரை எல்லாத் தோட்டத்திலும் சொல்லிவிட்டார்.

கண்டிக் குளத்தில் பழகிப் பார்த்தேன். மூன்று தடவையும் மூன்றே முழம்.

"கடலும் தண்ணிதானேப்பா" என்றேன்.

ரயிலேறிக் கொழும்புக்குப் போனோம். துரைசாணிக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. தன் குடையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்துகொண்டார். "கடல்ல பசிக்கும், குடி புள்ள" என்று அப்பா ஊற்றிய இரண்டு சொம்புக் காப்பியோடு நான் படகேறினேன். அப்பாவும் துணைக்கு ஏறினார்.

முதல் தடவை தண்ணீரில் வெயில் பளபளத்துக் கண் கூசியது: ஐந்து முழம். குடையை விரித்து நிழலில் பார்த்தேன்: எட்டு. அடுத்ததில் நீரோட்டம் தட்டை இழுத்துக் கயிறு சாய்ந்துபோனது: பதினொன்று.

"இதுல எது புள்ள சரி?"

"எல்லாமே சரிதாம்ப்பா." (படித்தவள் தெரியாது என்று சொல்லலாமா?)

நாலாவது தடவை நான் குனிந்தேன். படகும் சேர்ந்து குனிந்தது. இரண்டு சொம்புக் காப்பியும் தட்டு இருந்த இடத்திலேயே போய் விழுந்தது. இரண்டு முழத்தில் தட்டைக் காணோம்.

கரைக்கு வந்ததும், அளவு ஏன் மாறியது என்று எழுதச் சொன்னார் துரைசாணி. கண்கூச்சம், குடை நிழல், சாய்ந்த கயிறு என்று அழகாக எழுதினேன். இரண்டு முழத்துக்கு நேரே 'மேகம்' என்று போட்டேன்.

துரைசாணி அண்ணாந்து பார்த்தார். வானத்தில் பஞ்சளவு மேகம்கூட இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். வாத்தியாரம்மா வேலை அங்கேயே மூழ்கிவிட்டது என்று நினைத்தேன்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "மேகமில்லீங்க அம்மா! புள்ள வாந்தி எடுத்துருச்சு. காப்பி குடுத்தது நான்தாங்க. வேலைய மட்டும் இல்லேன்னு சொல்லிறாதீங்க!"

துரைசாணி சிரிக்கவில்லை. பேனாவை என்னிடம் நீட்டி, "எவ்வளவு?" என்றார்.

மேகத்தை அடித்துவிட்டு எழுதினேன்: 'காப்பி, இரண்டு சொம்பு.'

அதைப் படித்த பிறகுதான் சிரித்தார். வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

வேலை கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் இப்போது நான் வாத்தியாரம்மாதான். வீட்டில் அந்தப் பருப்பு வேகாது. சோறு ஏன் குழைந்தது, வர ஏன் நேரமானது என்று நான் எதற்குக் காரணம் சொல்ல வாயெடுத்தாலும், அம்மா முதலில் அண்ணாந்து கூரையைப் பார்ப்பாள். பிறகு கேட்பாள்:

"மேகமா புள்ள, காப்பியா?"