கரியாலூரில் ஒரு பூஜ்யம்

ஜெனரேட்டர் புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடு குறையவே இல்லை. தீனதயாளன் குழாயை இன்னொரு முறை தட்டிப் பார்த்தான்.

பாவம், ஆறு வருட ஆராய்ச்சி. மாங்கனீஸ் ஆக்ஸைடும் சீரியம் ஆக்ஸைடும் கலந்து அவன் செய்த கறுப்புத் தூள், கொஞ்சம் அமோனியாவைச் சேர்த்துக்கொண்டு, புகை சூடேறும் முன்பே அந்த நச்சு வாயுவை முறித்துவிட வேண்டும். குளிரில் செய்து காட்டினால்தான் மதிப்பு என்று மார்கழியில் கரியாலூர் மலைக்கே எல்லாவற்றையும் ஏற்றி வந்திருந்தான். ஷெட்டுக்கு வெளியே வாடகை ஜெனரேட்டர் உறுமியது. உள்ளே புகையை அளக்கும் பேட்டரிக் கருவியின் முன் பேராசிரியர் மணிமொழி. அவர் தலையசைத்தால்தான் டாக்டர் பட்டம்.

"நானூறுலேயே நிக்குதே, தீனா."

"இதோ மேடம், புகை இன்னும் ஆறணும்."

ஓடிப்போய்ப் புகைக் குழாயில் ஈரச் சாக்கைச் சுற்றினான். நானூறு ஐந்நூறானது. அமோனியா போதவில்லை போலும் என்று சிலிண்டரைத் தாராளமாகத் திருகினான். குழாய் பிடுங்கிக்கொண்டது. அமோனியா சுவரைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் இடஒதுக்கீடு கேட்டு உட்கார்ந்திருந்த கூட்டத்தின் கண்ணில் ஏறியது.

மைக் செட் ஊமையாகிப்போனதில் ஏற்கெனவே கடுப்பாக இருந்த கூட்டத் தலைவி ராணியம்மாள், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

"இன்னா சார், நாங்க செவனேன்னு குந்திக்கினு இருக்கோம். கண்ணீர்ப்புகை வுடுறீங்களா?"

"ஐயோ அக்கா, இது புகையைச் சுத்தம் பண்ற மருந்து."

"சுத்தமே இப்பிடின்னா அழுக்கே தேவலாம்."

அவள் நகர்வதாக இல்லை. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தீனதயாளன் ஜெனரேட்டரோடு வந்த கொளஞ்சியப்பனைக் கூப்பிட்டான்.

"அண்ணே, இவங்களுக்கு என்ன வேணுமோ குடுத்து அனுப்புங்க. என்னை எதுவும் கேக்க வேணாம்."

கதவைச் சாத்தினான். கழன்ற குழாயை மாட்டினான். குலதெய்வத்தை வேண்டிக்கொண்டான். சற்று நேரத்தில் சுவருக்கு அப்பால் மைக் செட் கணீரென்று முழங்கியது. கருவி முன்னூறு, நூறு, பத்து என்று இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது.

பேராசிரியர் எழுந்தே விட்டார். "பூஜ்யமா? ஜெனரேட்டர் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?"

"சத்தம் கேக்குதே மேடம்." அவனுக்கும் கண் கலங்கியது, அமோனியா இல்லாமலே.

"வாழ்த்துகள், டாக்டர் தீனதயாளன்" என்று அவர் கை கொடுக்கும்போது, கொளஞ்சியப்பன் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"மைக் செட் ஜெனரேட்டருக்கு டீசல் தீந்துபோச்சுன்னாங்க சார், நம்ம ஜெனரேட்டர்ல இருந்தத ஒரு சொட்டு வுடாம உருவிக் குடுத்துட்டேன், இப்ப ஓடுறது அவுங்களுது."