அடுக்களைச் சுவரில் எழுதிய சட்டம்

இனி இந்த வீட்டில் தினேஷ் பேரை யாரும் சொல்லக்கூடாது என்று சட்டம் போட்டேன். யாரும் என்றால் மொத்தம் இரண்டே பேர். நானும் என் மனைவி கல்பனாவும்.

தினேஷ்குமார் எங்கள் ஒரே பிள்ளை. எட்டு மாதத்துக்கு முன் மாகறல் வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று பைக்கில் கிளம்பியவன் லாரி மோதி, உயிரோடு திரும்பி வரவில்லை. அதிலிருந்து கல்பனா தக்காளி அரிந்தால் தினேஷ், தயிர் கடைந்தால் தினேஷ். இப்படியே போனால் அவள் உடம்பு கெட்டுவிடும் என்று சாக்கு சொன்னேன். உண்மையில் என்னால்தான் தாங்க முடியவில்லை.

சட்டம் எழுதுவது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. உத்திரமேரூர்க் கோயில் சுவரெல்லாம் சோழர் காலத்துச் சட்டம்தான். அவர்களுக்குக் கல், எனக்கு அடுக்களைச் சுவரும் சாக்பீஸும். இருபத்தாறு வருஷமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளியல் நடத்துகிறேன். தண்டனை என்பது தப்புக்கு வைக்கிற விலை, விலையை ஏற்றினால் தப்பு குறையும் என்பது என் கட்சி. ஆகவே எழுதினேன்: 'பேரைச் சொன்னவர் அன்றைய பாத்திரம் முழுவதையும் தேய்க்க வேண்டும்.'

கல்பனா படித்துப் பார்த்தாள். "இப்போ மட்டும் யாரு தேச்சிக்கினு கீறாங்களாம்?"

இதை நான் யோசிக்கவில்லை. "சரி, துணி தொவைக்கணும்."

"அதுவும் நாந்தான்."

"வாசல் பெருக்கணும்."

"நாந்தான்."

"தெருக்கொழாயில தண்ணி..."

"இன்னாங்க, இருவத்தஞ்சு வருசமா நீங்க இந்த வூட்லதான் கீறீங்களா?"

அவளுக்கு அபராதமாகப் போட ஒரு வேலைகூட மிச்சமில்லை. அன்று மட்டும் பதினான்கு தடவை தினேஷ் என்றாள். விலை பூஜ்யம், வியாபாரம் அமோகம். கடைசி அஸ்திரமாக, "டிவி கேபிளைப் புடுங்கிடுவேன்" என்றேன். அவன் போன நாளிலிருந்து அவள் டிவியே போடவில்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. இழக்க எதுவும் இல்லாதவளை நான் என்ன சட்டம் போட்டு மிரட்ட முடியும்?

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு திருத்தம் கொண்டுவந்தேன். 'ஒருவர் பேரைச் சொன்னால், அந்த வேளை மற்றவர் சாப்பிடக்கூடாது.'

கல்பனா சுவரையே பார்த்தாள். "நான் சொன்னா நீங்க பட்டினியா? சுகர் மாத்திரை போடுற ஒடம்பாச்சே."

"சட்டம்னா சட்டம்."

"நல்லா கீதுங்க உங்க சட்டம்."

அன்றோடு நிறுத்திவிட்டாள். ஸ்டாஃப் ரூமில் ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

அப்புறம் வீடு ஊமையாகிவிட்டது. ஃபேன் சத்தமும் குழம்பு கொதிக்கிற சத்தமும்தான். அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. இந்த எட்டு மாதத்தில் நான் அந்தப் பேரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, ஒரு சொட்டு அழவும் இல்லை. அவள் சொல்லச் சொல்லக் கேட்டுத்தான் நாட்களை ஓட்டியிருக்கிறேன். அதற்கும் நானே தடை போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

சட்டம் போட்டவன் எந்த மூஞ்சியோடு வாபஸ் வாங்குவது? மெல்ல அவள் வாயைக் கிளறினேன்.

"இந்தத் தக்காளித் தொக்கு யாருக்கோ ரொம்பப் புடிக்குமே?"

"எல்லாருக்குந்தான் புடிக்கும்."

"மாடியில ஒரு கிரிக்கெட் மட்டை கெடக்குதே, யாருது?"

"தெரிஞ்சா நீங்களே சொல்லுங்களேன்."

பக்கத்து வீட்டு வகிதா, மளிகைக்கடை மக்பூலின் மனைவி. கல்பனா தினம் அவள் வீட்டுக்குப் போய்வர ஆரம்பித்தாள். தடை போட்ட சரக்கு எல்லை தாண்டித்தானே போகும்? ஒரு நாள் முருங்கை மரத்தின் பின்னால் நின்று மதிலோரம் காதை வைத்தேன்.

"தினேஷு கணக்குல முட்டை வாங்கிட்டான் வகிதா. ரிப்போர்ட் கார்டுல அவங்கப்பா கையெழுத்தை நாந்தான் போட்டேன்!"

"சாருக்குத் தெரியாதாக்கா?"

"அவருக்கு இன்னா தெரியும்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பாய்ந்து போய்ச் சண்டை போட்டிருக்க வேண்டும். நான் இன்னொரு தடவை அந்தப் பேர் வருமா என்று கால் மரத்துப்போகும்வரை நின்றேன். என் பிள்ளையின் பேரைத் திருட்டுத்தனமாகக் கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் பிறந்தநாள். மத்தியானம் கல்பனா இரண்டு தட்டிலும் சோறு போட்டு, தொக்கு வைத்து, எதிரே உட்கார்ந்தாள். நான் சோற்றைப் பிசைந்தேன். ஒரு வாய் வைத்தேன்.

"இன்னியோட தினேஷுக்கு இருவத்திமூணு முடியுது, கல்பனா."

அவ்வளவுதான். உடைந்துவிட்டேன். தினேஷ், தினேஷ் என்று எச்சில் கையோடு அழுதேன். கல்பனா என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவளும் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் தட்டு கண்ணில் பட்டது. சோறு அப்படியே இருந்தது. பதறிப்போனேன்.

"சட்டத்தை இப்பவே அழிச்சிடறேன். நீ சாப்புடு. என்னால நீ பட்டினி கெடக்க வேணாம்."

"மொதல்ல நல்லா அழுதுடுங்க. எட்டு மாசமா இதுக்குத்தானே காத்துக்கினு கீறேன்." முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "சரக்கை நிறுத்தினா கிராக்கி ஏறும்னு டியூசன் புள்ளைங்களுக்கு நீங்கதானே கத்திக்கினு இருந்தீங்க? அதான் நிறுத்திப் பார்த்தேன்."

"அது சரி, நீ பசியோட..."

"யாரு பசியோட கீறாங்க? இன்னிக்கு நீங்க சொல்லிடுவீங்கன்னு தெரிஞ்சி, பதினோரு மணிக்கே வகிதா வூட்ல பிரியாணி சாப்ட்டுட்டேன்."