கொன்றது யார் என்று சொல்லிவிட்ட மாப்பிள்ளை

புத்தகம் படிப்பவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. படித்துவிட்டுக் கருத்துச் சொல்கிறான் பாருங்கள், அவனால்தான் அத்தனை வினையும். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. கருத்துச் சொல்லப் போய்க் கல்யாணத்தையே கோட்டை விடப் பார்த்தவன் நான்.

அப்போது மூக்கண்டப்பள்ளியில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். அதே கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்த மஞ்சுளாவுக்கு என்னைப் பிடித்துவிட்டது. (ஏன் என்று அவள் சொன்னதில்லை, நானும் கிளறவில்லை.) அவளுடைய அப்பா முனிராஜ் கெலமங்கலத்தில் தக்காளி விவசாயி. வேற ஊரு, வேற சாதி என்று ரொம்ப நாள் முறுக்கிக்கொண்டு இருந்தவர், ஒருவழியாக இறங்கி வந்து, "சரி, பையன வரச் சொல்லு. பேசிப் பாக்கறேன்" என்றிருந்தார்.

"எங்கப்பாவுக்கு த்ரில்லர் நாவல்னா உசுரு. தோட்டத்துல மோட்டார் ஓடற நேரமெல்லாம் அதான். புதுசா வந்ததுல நாலு படிச்சிட்டு வாங்க, மத்தது தானா நடக்கும்" என்றாள் மஞ்சுளா.

பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை. மூன்று த்ரில்லரை முடித்துவிட்டு, நாலாவதாக ஒரு குடும்ப நாவலையும் படித்தேன். பாவம், அதில் ஒரு கொலைகூட இல்லை. ஆனால் அதற்குள் புத்தி கெட்டுப் போயிருந்ததால், கதையில் வரும் சாதுவான பெரியப்பாமேல் கடைசிப் பக்கம் வரை சந்தேகமாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். முனிராஜ் ஒரு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நிறைய படிப்பீங்களாமே தம்பி? அந்த ஹேக்கர் கதை எப்புடி?"

"ஊர் முழுக்கக் கரண்ட நிறுத்துறான் சார். ஆனா எழுதினவரு ஃப்யூஸ் கட்டையக்கூடப் பிடுங்கிப் பாத்ததில்ல போல."

"அப்புடிப் போடு! ஊட்டி பங்களா?"

"எல்லா அத்தியாயத்துலயும் பனி வருது. பனி வரலைன்னா கரண்ட் போகுது. ரெண்டும் இல்லாம ஒருத்தரும் சாக மாட்டேங்கிறாங்க."

தொடையில் தட்டிச் சிரித்தார். பெரியப்பா விஷயத்தைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்குத் தாம்பூலத் தட்டே கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

"இந்தக் குவாரி நாவலு?" என்று மடியில் இருந்ததைத் தூக்கிக் காட்டினார். அதன் நடுவில் மூக்குக்கண்ணாடிக் கூட்டை அடையாளத்துக்குச் செருகியிருந்தார். அதைக் கவனிக்கிற புத்தி எனக்கு இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

எங்கள் தொழிலில் ஷிப்ட் மாறும்போது அடுத்து வருகிறவரிடம் எதையும் மறைக்கக் கூடாது. எந்த மெஷின் மக்கர், என்ன காரணம், யார் கை வைத்தது, எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுத்தான் கேட்டைத் தாண்ட வேண்டும். அந்தப் பழக்கத்தில் மளமளவென்று ஒப்பித்தேன்.

"அருமையான நாவல் சார். கிரானைட் குவாரி முதலாளியக் கொன்னது அவருக்குச் சுகர் ஊசி போட வர்ற நர்ஸ். காரணம், அவ அண்ணன் குவாரியில செத்தது. மருந்த மாத்திட்டா. அவ்வளவுதான்."

சிரிப்பு நின்றது. "நானு இன்னும் பாதிகூடத் தாண்டல" என்றார். "சீக்கிரம் தீந்துட்டா வருத்தமா இருக்கும்னு கொஞ்சங் கொஞ்சமாப் படிக்கறேன்."

புத்தகத்தின் நடுவில் இருந்த கண்ணாடிக் கூட்டை அப்போதுதான் பார்த்தேன்.

"காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க தம்பி."

போச்சுடா! டம்ளரைக் கையில் எடுத்த நேரம், உள்ளேயிருந்து மஞ்சுளா வந்தாள். "அவரு அடிச்சு வுடறாருப்பா! கடைசி அத்தியாயம் அவரு படிக்கவே இல்ல. நான் படிச்சிருக்கேன். நர்ஸ் இல்லவே இல்ல."

"அப்ப யாரு?"

"அதயும் நான் சொல்லிட்டா அப்பறம் நீ என்னாத்தப் படிப்ப?"

முனிராஜ் என்னைப் பார்த்தார். என் வாசிப்பின் மானம் ஒரு பக்கம், மஞ்சுளா ஒரு பக்கம். தலையைக் குனிந்துகொண்டேன்.

"படிக்காமயே இந்தப் பேச்சா!" அவருக்குப் போன உயிர் திரும்பி வந்திருந்தது. "பரவால்ல, திருட்டு முழி முழிக்கத் தெரியுது. மாட்டிக்காம பொய் சொல்லத் தெரியாத ஆளு. எம் பொண்ணுக்கு அது போதும்." அடுத்த முகூர்த்தத்தில் நிச்சயதார்த்தம் முடிந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள், நான் வேலையில் இருந்தபோது போன் வந்தது.

"மாப்ள, நாவல முடிச்சிட்டேன். நர்ஸ்தான்."

மெஷின் சத்தம் இல்லாத இடமாகப் பார்த்து நகர்ந்தேன்.

"அப்ப அன்னிக்குப் பொய் சொன்னது நீங்க இல்ல?"

"இல்ல மாமா."

"சரி வுடுங்க, நிச்சயம் ஆயிப்போச்சு. இனிமே அவ உங்க பாடு!"

இன்றைக்கும் வீட்டில் மஞ்சுளா எதையாவது அடித்துச் சொன்னால், "நர்ஸ் இல்லவே இல்ல" என்பார் மாமனார், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே. மஞ்சுளா அசைவதில்லை. அந்த நாவலின் அட்டையைக்கூட அவள் பிரித்துப் பார்த்ததில்லை என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அதைப் பற்றி அவளுக்கும் ஒரு கருத்து இருக்கிறது.

"எழுதினவரு தப்புப் பண்ணிட்டாரு. வேற யாராவது கொன்னிருந்தா கதை இன்னும் நல்லா இருந்திருக்கும்."