ரொம்ப அமைதியான ஏரியா

ஒரு காட்டில், அந்தக் காட்டை விட்டுப் போவதற்கு விசா வாங்கிவிட்ட சருகுமான் ஒன்று இருந்தது. பெயர் தணிகாசலம். உருவம் முயலளவு, பயம் யானையளவு. மனைவி பெயர் செண்பகவல்லி. அவள் நிறைமாதம்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் அவர்களுடைய காடு. அந்தப் பக்கம் அக்கரை நாடு. இக்கரைக்கு அக்கரை பச்சை என்று பழமொழி சொல்வார்கள். பச்சை என்பது உண்மைதான். அது மேய்கிற புல்லா, யாரோ பதுங்கியிருக்கிற புதரா என்று பழமொழி சொல்வதில்லை. பழமொழிகள் அவ்வளவு தூரம் நடந்துபோய்ப் பார்ப்பதில்லை.

போன மழைக்குப் பிறந்த முதல் குட்டியைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு செண்பகவல்லி ஒன்றுதான் சொன்னாள். "அடுத்தது இங்க வேண்டாங்க." அதனால்தான் விசா. மழை இறங்கினால் ஆமைப் படகு நின்றுவிடும். அதற்குள் அக்கரையில் எந்த ஏரியாவில் குடியேறுவது என்று முடிவு செய்தாக வேண்டும்.

தணிகாசலம் ஆராய்ச்சியில் இறங்கினான். ஒரு பெரிய தேக்கிலையில் கட்டம் போட்டான். மேலே ஏரியா பெயர்கள். பக்கத்தில் புல், தண்ணீர், பள்ளிக்கூடம், வாடகை, அக்கம்பக்கம். ஏரியா ஏரியாவாக வீடியோ போடும் கிளி ஒன்றையும் விடாமல் பார்த்தான். "வணக்கம் மக்களே" என்று ஆரம்பித்து எல்லா ஏரியாவையும் அது ஒரே உயரத்திலிருந்து காட்டியது. மேலேயிருந்து பார்த்தால் எல்லா ஏரியாவும் நன்றாகத்தான் இருக்கும். கிளிக்குக் கீழே இறங்கவேண்டிய அவசியமே இல்லை.

சலித்துச் சலித்துக் கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று அருவி வியூ, இன்னொன்று சேத்துமேடு.

"ரெண்டுலயும் நம்ம காட்டு ஆளுங்க இருக்காங்க. போன் போட்டுக் கேட்டுட்டா முடிஞ்சுது" என்றான். செண்பகவல்லியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

முதலில் சேத்துமேடு. அங்கே காட்டுப்பன்றி வேலாண்டி அண்ணாச்சி குடும்பத்தோடு இருந்தார்.

"ஏரியா எப்படி அண்ணாச்சி?"

"அதை ஏன் கேக்க தம்பி. கால வச்சா முழங்கால் வரைக்கும் சகதி. மேல்வீட்டுக் குரங்கு பழத்தைத் தின்னுட்டுக் கொட்டையை என் தலையிலதான் போடுவான். கேட்டா காத்து அடிச்சுதுங்கான். பக்கத்துல ஒரு முள்ளம்பன்றி, அவன்கூட நின்னு நாலு வார்த்தை பேசமுடியாது. குடியிருப்போர் சங்கத்துல போய்ச் சொல்லலாம்னா தலைவரே எருமை. அசையமாட்டேங்காரு."

"கஷ்டந்தான் அண்ணாச்சி."

"இரு, இன்னும் முடியல. தவளைக்கச்சேரி தனி. என் பிள்ளைங்க எல்லாம் சேந்து கத்துச்சுன்னா காது போயிரும். எங்க அம்மாவுக்குப் பல்லு பூராக் கொட்டிப்போச்சு, அவ புலம்பல் வேற. உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி? பேசாம அருவி வியூ போயிரு. உனக்கு அதான் சரிப்படும்."

தேக்கிலையில் சேத்துமேட்டுக்குக் கீழே எல்லாக் கட்டத்திலும் பெருக்கல் குறி விழுந்தது.

அடுத்து அருவி வியூ. எடுத்தது முயல் குணசீலன்.

"அண்ணே, கண்ணை மூடிட்டு வாங்க. அமைதின்னா அப்படி ஒரு அமைதி."

"தண்ணி வசதி?"

"வாசல்லயே அருவி. கூட்டமே கிடையாது. நாம மட்டுந்தான் குடிப்போம்."

"வீடு கிடைக்குமா?"

"எப்ப வேணாலும் கிடைக்கும். ஒண்ணு மாத்தி ஒண்ணு காலியாகிட்டே இருக்கும்ணே. அதனால வாடகையும் கம்மி."

"பள்ளிக்கூடம்?"

"கிளாஸுக்கு ரெண்டு பிள்ளைங்கதான். முன்னாடி நிறைய இருந்துச்சாம். இப்பத்தான் வாத்தியார் ஒவ்வொருத்தரையும் நல்லாக் கவனிக்கிறாரு."

"அக்கம்பக்கம் எப்படி? தொந்தரவு உண்டா?"

"பக்கத்து வீட்டுல ஆளே இல்லண்ணே. எதிர்வீட்டுக்காரர் முந்தாநாள் வரைக்கும் இருந்தாரு. ஏரியாப் பெரியவர் ஒருத்தர் சாயங்காலமா வாக்கிங் வருவாரு. கோடு போட்ட சட்டை. யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசமாட்டாரு, அவ்வளவு டீசண்ட்."

தணிகாசலத்துக்கு எழுதி மாளவில்லை. கட்டத்துக்குக் கட்டம் டிக். மறுநாள் அட்வான்ஸ் விஷயமாகப் பேசலாம் என்று கூப்பிட்டால் வேறு குரல் எடுத்தது.

"மாமா இல்லியே. நான் அவர் மச்சான் பேசறேன்."

"எங்க போயிருக்காரு?"

"தெரியலண்ணே. பெரியவரோட வாக்கிங் போனதாச் சொன்னாங்க. ஆனா ஏரியாவைப் பத்திக் கவலையே படாதீங்க. நேத்தை விட இன்னிக்கு இன்னும் அமைதி."

அதற்கடுத்த முறை மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"பாத்தியா?" என்றான் தணிகாசலம் பெருமையாக. "இவ்வளவு நேரம் அடிக்குது, ஏன்டா அடிக்குதுன்னு கேக்க ஒருத்தன் இல்ல. நாகரிகமான ஏரியா."

செண்பகவல்லி சருகில் படுத்தபடி கேட்டாள். "ஏங்க, அந்த முயல் பேசும்போது பின்னாடி என்ன சத்தம் கேட்டுச்சு?"

"ஒண்ணுமே கேக்கல. அதைத்தானே நானும் சொல்றேன்."

"முயல் வீட்டுல குட்டிங்க சத்தம் இல்லாம இருக்குமா?"

தணிகாசலம் கையிலிருந்த போனைப் பார்த்தான்.

"நம்ம வீடும் போன மழையிலேர்ந்து அமைதியாத்தான் இருக்கு" என்றாள். "எனக்கு அந்த அமைதி தெரியும்."

அவன் தேக்கிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்த அமைதிக்கு அதில் கட்டம் இல்லை.

"அண்ணாச்சியோட அம்மாவுக்குப் பல்லு பூராக் கொட்டிப்போச்சாம்" என்றாள் மறுபடியும். "பல்லு கொட்டுற வரைக்கும் இருந்த யாரையாவது இந்தக் காட்டுல பாத்திருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தான். பார்த்ததில்லை.

கடைசி ஆமைப் படகில் இருவரும் சேத்துமேட்டுக்கே புறப்பட்டார்கள். படகு ஆமை வேகத்தில்தான் போயிற்று. நடு ஆற்றில் பசித்தது. தணிகாசலம் ஆராய்ச்சியை எடுத்துத் தின்றுவிட்டான்.

அண்ணாச்சி சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. சகதி முழங்காலுக்கு மேலேயே இருந்தது. இறங்கிய அன்றே குரங்கு இரண்டு கொட்டை போட்டு வரவேற்றது. சங்கத் தலைவர் அசையவில்லை. அந்தச் சகதியில்தான் குட்டி பிறந்தது. பிறந்த நிமிஷத்திலிருந்து அது கத்திய கத்தலில் அண்ணாச்சியின் பிள்ளைகளே ஒரு கணம் வாயை மூடின.

மழை முடிந்தது. குட்டி இருந்தது.

பழைய கதையாக இருந்தால் இங்கே நிறுத்தி, மனைவி சொல் கேள் என்று ஒரு நீதியை ஒட்டி அனுப்பியிருப்பார்கள். தணிகாசலத்துக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"அண்ணாச்சி, அருவி வியூவில வாக்கிங் வர்ற பெரியவர் புலிதானே?"

"பின்ன?"

"தெரிஞ்சுமா எங்களை அங்க போகச் சொன்னீங்க?"

அண்ணாச்சி முதுகை மரத்தில் தேய்த்துக்கொண்டார். "கோவிச்சுக்காத தம்பி. அங்க ஆள் போய்க்கிட்டே இருந்தாத்தான் அவரு இந்தப் பக்கம் வரமாட்டாரு. ஒரு ஏரியா நல்லா இருக்கணும்னா எல்லாரும் கொஞ்சம் ஒத்துழைக்கணும்லா."

தணிகாசலம் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டான். பேசாமல் இருந்த அந்த நாட்களில் குட்டி நடக்கப் பழகியது, ஓடப் பழகியது. அது தூரம் ஓடும்போதெல்லாம் அவன் கண் அருவிப் பக்கத்துப் புதருக்குப் போய் வந்தது.

அப்போது பழைய காட்டிலிருந்து போன் வந்தது. காட்டுக்கோழி துரைக்கண்ணு.

"அண்ணே, எங்களுக்கும் விசா வந்திருச்சு. வீட்டுக்காரி முட்டை வைக்கப்போறா. எந்த ஏரியா நல்லது? அருவி வியூ சூப்பர்னு சொல்றாங்களே."

சகதியில் கிடந்த அண்ணாச்சி காதை மட்டும் நிமிர்த்தினார். தணிகாசலம் குட்டியைப் பார்த்தான். புதரைப் பார்த்தான். "அருவி வியூவா..." என்று இழுத்தான். "அமைதியாத்தான் இருக்கும்..."

செண்பகவல்லி போனைப் பிடுங்கினாள். "துரைக்கண்ணு, அக்கா பேசறேன். அங்க புலி இருக்கு. போகாதீங்க. பேசாம இங்க வந்துருங்க."

அந்த நேரம் பார்த்துத் தவளைகள் ஆரம்பித்தன. கொட்டை விழுந்தது. அண்ணாச்சியின் அம்மா பல்லைப் பற்றிப் புலம்பினாள். குட்டி எதற்கென்றே தெரியாமல் வீறிட்டது.

"என்னக்கா சத்தம் அது? யாருக்காவது சண்டையா?"

"சண்டை இல்ல. சாயங்காலம்."

துரைக்கண்ணு கொஞ்சம் யோசித்தான். "எங்க வீட்டுக்காரிக்குச் சத்தம் ஆகாதுக்கா. அடைகாக்கணும்ல. புலிங்கிறீங்க. கிளி வீடியோவில அப்படி ஒண்ணும் காட்டலியே. அருவி வியூவுக்குப் போனவங்கள்ல ஒருத்தர்கூட இன்னிவரைக்கும் குறை சொன்னதில்லையாம்."

"சொல்றதுக்கு..."

"தப்பா நினைக்காதீங்கக்கா, உங்க ஏரியா வீடெல்லாம் வாடகைக்குப் போகலியோ?"

வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.

"விட்டுரு தாயி" என்றார் அண்ணாச்சி. அவர் குரலில் சந்தோஷம் இல்லை. "நானும் ஆரம்பத்துல உண்மையத்தான் சொன்னேன். ஒருத்தனும் நம்பல. பொறாமையில சொல்றேன்னானுங்க. அப்புறந்தான் வாய் வலிக்கச் சொல்றதை விட்டுட்டு, அவங்க எதைக் கேக்கணும்னு போன் பண்ணுதாங்களோ அதையே சொல்லிவிடுதேன்."

செண்பகவல்லி போனைக் கீழே வைத்தாள். மேலேயிருந்து ஒரு கொட்டை வந்து தணிகாசலத்தின் உச்சந்தலையில் விழுந்தது.

"இவனுக்கு வேற வேலையே இல்லையா?" என்றான் தணிகாசலம், மேலே பார்த்து. "சகதி ஒரு பக்கம், தவளை ஒரு பக்கம், இந்தச் சனியன் ஒரு பக்கம். மனுஷன் குடியிருப்பானா இந்த ஏரியாவில?"

அண்ணாச்சி சற்று நகர்ந்து, சேற்றில் அவனுக்கு இடம் விட்டார்.

நீதி: வீடு பார்க்கப் போனால், பக்கத்து வீட்டுக்காரன் நல்லவனா என்று விசாரிக்காதே, இருக்கிறானா என்று பார். இருந்து, புலம்பவும் புலம்பினால், அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடு.