உன் மகன் ஆரம்பித்த திரைச்சீலைக் கம்பெனி

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. அங்கே நீயும் உன் மனைவியும் சுகம்தானே? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. கடல் தாண்டி விடுமுறைக்கு வந்த உன் மகனை உடனே திரும்பக் கூப்பிட்டுக்கொள்.

வந்த மறுநாளே அவன் என் மகளிடம், "அக்கா, எங்க ஊர்ல காலேஜ் முடிக்கிறதுக்குள்ள ஒரு கம்பெனியாவது ஆரம்பிச்சு மூடியிருக்கணும். இல்லன்னா எவனும் மதிக்க மாட்டான்" என்று ஓதிவிட்டான். மூடுவதற்காக ஆரம்பிப்பது என்ன பிழைப்போ! வீடு வீடாகப் போய் ஜன்னல் திரைச்சீலைகளைக் கழற்றி வந்து, துவைத்து, தேய்த்து, திரும்ப மாட்டிக் கொடுக்கிறார்களாம். என் மகள் மட்டும் லேசுப்பட்டவளா? இங்கே வளர்ந்தவள், கம்பெனியையும் அரசாங்க உத்தியோகம் மாதிரியே நடத்துகிறாள். உன் மகனுக்கு வருகைப் பதிவு, லீவு விதி, ஓய்வு பெறும் வயது எல்லாம் நிர்ணயித்துவிட்டாள். அவன் மூடும் நாளை எதிர்பார்க்கிறான், இவள் பதவி உயர்வை எதிர்பார்க்கிறாள், நான் சாப்பாட்டு மேஜையில் ஊரார் திரைகளை ஒதுக்கித் தட்டு வைக்க இடம் தேடுகிறேன். போன வாரம் நம் வீட்டுக் கூடத்துத் திரையைக் கொண்டுபோய்ப் பல் டாக்டர் கிளினிக்கில் மாட்டிவிட்டார்கள். டாக்டர் திரை இந்தக் குவியலில் எங்கோ கிடக்கிறது. நான் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தால் எதிர்வீட்டுக்காரர் அங்கிருந்தே வணக்கம் சொல்கிறார்.

சிரிக்காதே. திங்கட்கிழமை அவள் வங்கி வேலையில் சேர வேண்டும். பரீட்சை மேல் பரீட்சை எழுதிக் கிடைத்த வேலை. கேட்டால், "கம்பெனிய மூடிட்டோம்னு, திரை மாறிப்போன டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்கப்பா. நான் மறுபேச்சில்லாம வேலைக்குப் போறேன்" என்கிறாள். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. எனக்கும் மனசு கேட்கவில்லைதான், ஆனால் பெற்றவன் பயம் உனக்குத் தெரியாததா? இதைத் தபாலில் போடும் வழியில் டாக்டரிடம் சொல்லிவிடப் போகிறேன். நீயும் உன் பங்குக்கு மகனைக் கண்டித்து வை. உன் மனைவியின் முழங்கால் வலி குறையட்டும், உங்கள் வீட்டு ஜன்னல்களுக்கு எந்தக் குறையும் வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
மூலையில் ஒதுங்கி நிற்கும் அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை இன்னும் போடவில்லை. டாக்டர் எடுத்த எடுப்பிலேயே திரை ஒரு சாண் குட்டை என்றார். எனக்கு வந்ததே கோபம். "எங்க வேலையில குறை இருக்காது சார். இன்னிக்கே சரியா மாட்டித் தர்றோம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயால் மூடிவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்கு ஓடிவந்து, குவியலைக் கலைத்து அவர் திரையைத் தேடி எடுத்துப் போய், நானே ஏணி ஏறி மாட்டினேன். பார்த்துக்கொண்டிருந்த, கிளினிக்குக்கு மேல் மாடியில் இருக்கும் வக்கீல் தன் ஆபீஸ் திரைகள் அத்தனையையும் என் தோளில் போட்டு அனுப்பினார். திங்கட்கிழமை மகள் வங்கிக்குப் போகவில்லை, வக்கீல் ஆபீசில் திரை மாட்டத்தான் போகிறாள். கம்பெனி ஓட ஆரம்பித்துவிட்டதே, இனி எப்படி மூடுவது என்று உன் மகன்தான் முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறான். அவனைக் கூப்பிட்டுவிடாதே, ஆள் பற்றாது. முதுகு வலிக்கிறதென்று நான் ஒரு நாள் லீவு கேட்டேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கிடையாதாம்.